பத்தாவது பாட்டு

1

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனதை இந்த முறை வீட்டில் மூன்று பேருமே மறந்துபோனோம். மறுநாள் மாயவரத்திலிருந்து தங்கை போன் செய்து, "என்னக்கா, நேத்து ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. விசேஷத்துக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரரும் மகளும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். காரணம் ஒரு கேசட். தங்கையிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது ஊரில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். மாப்பிள்ளை தேவராஜ், இங்கே மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் "வெளிநாடா என்ன, ராத்திரி பஸ் ஏறினா காலையில வந்துடலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்து பார்த்தால் பக்கத்து வீட்டம்மா தினமும் காலையில் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்கிறார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம், அது வரைக்கும் எனக்குப் புரிந்தது. சும்மா ஒரு வணக்கம் போலக் கேட்கிறார் என்பது புரியவில்லை. நான் உண்மையைச் சொல்லும் ஜாதி. "இல்லை" என்றேன். பாவம் அந்த அம்மா, உள்ளே போய் ஒரு தட்டில் சித்ரான்னம் வைத்துக்கொண்டு வந்தார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் இல்லை என்றேன். மறுநாளும் தட்டு வந்தது. நான்காம் நாள் என் வீட்டுக்காரர்தான், "அய்யய்யோ, ஆச்சின்னு சொல்லு, அவங்க அரிசி தீந்துடப் போவுது" என்றார்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனது தனிக் கதை. பழைய ஊரில் பெயரை எடுத்ததற்குச் சான்று கொண்டுவா என்றது ஓர் அலுவலகம். புதிய ஊரில் பெயர் சேர்ந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா, எடுத்துத் தருகிறோம் என்றது இன்னொன்று. ரொம்ப நாள் நான் எந்த ஊரிலும் சர்க்கரை வாங்கத் தகுதியில்லாத மனுஷியாக இருந்தேன்.

2

அந்த வருஷம் டிசம்பரில் காவிரித் தண்ணீரை வைத்து இங்கே தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும். நாங்கள் அப்போது ஸ்ரீராம்புரத்தைத் தாண்டி ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். கடைகள் மூடிக் கிடந்தன. சித்ரான்னம் கொடுத்த அதே ஜெயம்மாதான் பின்கதவு வழியாகப் பாலும் கறிவேப்பிலையும் கொண்டுவந்து கொடுத்து, மெதுவான குரலில், "தமிழ் ஹாடு ஹாக்பேடம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழ்ப் பாட்டுப் போடாதே என்று. மிரட்டல் இல்லை, என் மேல் இருந்த அக்கறை.

வீட்டில் இருந்த கேசட்டுகள் எல்லாம் தமிழ்ப் பாட்டுகள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இங்கிலீஷ் ராக். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் மர்பி டவுனில் பாஷா பாய் என்பவரின் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியது. அட்டைப்படம்கூட இல்லை. நீலப் பேனாவில் ஆல்பத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஆல்பம் அது. அவர்கள் கேட்டதும் நாங்கள் கேட்டதும் ஒன்றில்லை என்பதால் வீணாகச் சண்டைக்கு வருவார்கள்.

வேறு வழியில்லாமல் அதைக் கேட்டேன். வாசலைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த சத்தத்தில், சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கேட்டேன். முதல் பாட்டு தகர ஷெட் இடிந்து விழுகிற மாதிரி தொடங்கும். சரி, இவ்வளவுதான் போல என்று நினைத்தால் இரண்டாவது பாட்டில் சர்ச்சில் பாடுவதைப் போல இருபது பேர் பாடுகிறார்கள். மூன்றாவதில் திருவிழா ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆர்மோனியம் போல எதுவோ வருகிறது. நான்காவதில் சித்தார். அப்புறம் ஊதல் வாத்தியங்கள், அப்புறம் ஒரே ஒரு ஆள் கிட்டாரோடு உட்கார்ந்து முணுமுணுக்கிறான். ஏழாவது பாட்டு தாலாட்டு மாதிரி, பியானோ, ரொம்ப ரொம்ப மெதுவாக. ஒன்பதாவதில் இவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு வீட்டை இரண்டாக்கிவிட்டுப் போவார்கள்.

பிறகு சின்ன இடைவெளி விட்டுப் பத்தாவது. பாட்டு வரிகள் கிடையாது. டிரம்மும் டிரம்பெட்டும் க்ளாரினெட்டும் மட்டும். சாமி ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது வருமே, அந்த நடை. அதைக் கேட்கும்போது மட்டும் அந்தச் சந்தும் அந்தப் பூட்டிய கதவும் எனக்குப் பயமாக இல்லை. வெள்ளைக்காரனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

"இது எப்படிங்க இவங்க வாசிக்கிறாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"அவங்க இங்க அல்சூர் வந்திருந்தாங்க தெரியுமா? ஏரிக்கரையில நம்ம பேண்ட் செட்டு போவுது. நின்னு கேட்டான். அப்படியே போயி போட்டுட்டான்" என்றார்.

நான் நம்பினேன். சித்தாரைப் போட்டவன் பேண்ட் செட்டைப் போட மாட்டானா?

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வராது. பெங்களூரில் மழை ஏன் சாயங்காலமே வருகிறது என்று கேளுங்கள், பதில் இருக்கும். பாலம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேளுங்கள், கான்ட்ராக்டர் வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்வார். வழி கேட்கிறவனுக்குத் தெரியாத வழியையும் கை நீட்டிக் காட்டுவார். பொய் சொல்கிறவர் இல்லை. யாராவது ஒன்றைக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

3

மகள் வித்யா பிறந்த பிறகு மர்பி டவுனுக்கே வந்துவிட்டோம். அவள் அந்த கேசட்டோடு வளர்ந்தாள். ஏழாவது பாட்டைப் போட்டால் தூங்குவாள், பத்தாவதுக்கு எழுந்து குதிப்பாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் இப்போது எழுதுகிற இந்தக் குறிப்பை அவள் முன்னால் வைத்தால் கோலத்தைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். அது எனக்கு வருத்தம்தான். சொல்லாமல் இருக்கப் போவதில்லை.

பெண் வளர வளர அப்பாவோடு பேச்சு குறைந்தது. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து கிரிக்கெட் பார்ப்பார், அவள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அந்த கேசட்டைப் போட்டால் காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவாள். "இந்த எடத்துல ட்ரம் லேட்டா வருதுப்பா" என்பாள். அவர் அதற்கு ஒரு கதை சொல்வார். அவளுக்குப் பழைய கீபோர்டு ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளால்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருந்த ஒரே சாலை அந்த கேசட்.

இப்போது அவள் பி.யூ. இரண்டாம் வருஷம், நம் ஊர் ப்ளஸ் டூ. அடுத்த வருஷம் வேறு ஊரில் ஹாஸ்டல் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

4

காலேஜ் விழாவில் வெஸ்டர்ன் பேண்ட் போட்டி. வித்யாவும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஓர் ஆல்பத்திலிருந்து சில பாட்டுகளைக் கோத்து வாசிப்பது என்று திட்டம். நம் ஆல்பத்தைத்தான் வித்யா சொன்னாள். நண்பர்களுக்கும் பிடித்தது. கடைசியில் பத்தாவது பாட்டில் முடிக்கலாம் என்று சொன்னாளாம். கிட்டார் வாசிக்கும் ரோஹன் என்ற பையன், "எந்தப் பத்தாவது?" என்று கேட்டிருக்கிறான். லேப்டாப்பைத் திறந்து காட்டியிருக்கிறான். ஒன்பது பாட்டுகள்தான். எந்த நாட்டுப் பதிப்பிலும் ஒன்பதுதான். அவள் விடாமல் வாயால் வாசித்துக் காட்டி, அல்சூர் ஏரிக் கதையையும் சொல்லியிருக்கிறாள். அந்த பேண்டுக்காரர்கள் இந்தியாவுக்கே வந்ததில்லை என்று அதே லேப்டாப்பில் இருந்திருக்கிறது.

அன்று முதல் காலேஜில் அவளுக்குப் பெயர் டென்த் டிராக்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, டென்த் சாங்னு ஒண்ணு இல்லவே இல்ல."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இருக்கும்மா. ஃபாரின் காபில இருக்கும். இங்க அனுப்பறப்ப கட் பண்ணியிருப்பான்" என்றார்.

"நெட்ல இருக்கறதே ஃபாரின் காபிதான்ப்பா."

"அப்போ மொதல்ல வந்த காபி. அது ரொம்ப கம்மியா வந்துச்சி."

"அவங்க அல்சூர் வரவே இல்லப்பா! இண்டியாவுக்கே வரல!" கையில் இருந்த பையைத் தரையில் போட்டாள். "சாங் இல்லன்னா பரவால்ல. உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் ஸ்கூல்லேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இன்னும் எதெல்லாம் நீயே சொன்ன கதை?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பெரிய மனுஷி ஆயிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு நான் தபால்காரி ஆனேன். "ம்மா, அப்பாகிட்ட சொல்லு, பஸ் பாஸ் முடிஞ்சிடுச்சுன்னு." "அவகிட்ட சொல்லு, மேசை மேல வெச்சிருக்கேன்னு." ஒரே அறையில் இருந்துகொண்டு இது. ஞாயிற்றுக்கிழமை கேசட் ஓடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெண் இப்படியே ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அப்புறம் போனில், "அப்பா நல்லாருக்காரா?" என்று என்னிடம் கேட்பாள், "சாப்பிட்டாளா?" என்று அவர் என்னிடம் கேட்பார். வாழ்நாள் முழுக்க அப்படியே ஓடிவிடும். எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்.

5

நான் ஒரு நர்சிங் ஹோமில் பில் போடும் கவுண்டரில் வேலை செய்கிறேன். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பாஷா பாய் கடைக்குப் போனேன். ரெக்கார்டிங் எல்லாம் போய் இப்போது சிம் கார்டு, ரீசார்ஜ். கேசட்டை எடுத்துப் போகத் தோன்றவில்லை எனக்கு. ரீசார்ஜுக்கு நிற்கிற நாலு பேருக்கு முன்னால் வாயாலேயே அந்தப் பாட்டை டட்டடா டட்டடா என்று வாசித்துக் காட்டினேன். ஒருவன் தள்ளி நின்றுகொண்டான்.

பாஷா பாய் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது. "அரே மேடம், இது நம்ம முனிரத்தினம் செட்டு! கடைக்குப் பின்னாடிதான் ப்ராக்டிஸ் பண்ணுவாங்க. நான்தான் மைக் வெச்சி புடிச்சேன்."

"அத ஏங்க எங்க கேசட்டுல போட்டீங்க?"

"எல்லாருதுலயும் போட்டேன். டேப்பு அறுவது நிமிஷம், ஆல்பம் அவ்ளோ வராது. மீதிய காலியா வுட்டா கஸ்டமர் ஜகடா பண்ணுவான், காசு குடுத்தேன் பாட்டு எங்கேன்னு. தமிழ்ப் பாட்டு போட்டா இங்கிலீஷ் கேக்கறவன் கோச்சுக்குவான். இத போட்டேன். ஒருத்தனும் வந்து கேக்கல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அந்த ஆல்பத்துல எதுதான் இல்ல மேடம்? அதோட இதுவும் ஒண்ணு."

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி, "எனக்கு அப்பவே ஒரு டவுட்டு இருந்துச்சி" என்றார்.

வித்யா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றேதான்.

6

முனிரத்தினம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறார். சிவப்புக் கோட்டும் தங்கக் கயிறுமாகக் கல்யாண சீசனில் தினமும் எங்களைக் கடந்து போகிறவர். இவ்வளவு வருஷமும் அவரைத்தான் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம், தெருவில் பார்த்தால் வழி விட்டு ஒதுங்கினோம். அந்த ஞாயிறு வித்யாவையும் டேப் ரெக்கார்டரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் பனியனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாட்டு ஓடியதும் கையை நிறுத்தினார். "நாங்கதான். க்ளாரினெட் நான், ட்ரம் என் தம்பி. எங்க புடிச்சீங்க இத?"

"என்ன பாட்டு அங்கிள் இது?" என்றாள் வித்யா.

"அது யாருக்கும்மா ஞாபகம்? அந்த வருஷம் பாய் கடையில இன்னா ஓடுச்சோ அத வாசிப்போம். காலையிலேர்ந்து அதையேதான போடுவாரு. கல்யாணத்துக்கு ஸ்பீடா, சாவுக்கு மெதுவா. பாட்டு ஒண்ணுதான்."

வித்யா என்னைப் பார்த்தாள். திரும்பி வரும்போது என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிற நடையில் போனாள். நான் அந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது கீபோர்டில் பத்தாவது பாட்டைச் சாவுக்கு வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் மெதுவாக வாசித்தாள். டிரம் இல்லை, ஓட்டம் இல்லை, ஒவ்வொரு விரலாக வைத்தாள்.

எனக்கே தெரிந்துவிட்டது. அவள் தொட்டிலில் கிடந்து தூங்கிய பாட்டு.

"ம்மா, செவன்த்!" என்று கத்தினாள். "இது செவன்த் சாங்ம்மா!"

முனிரத்தினம் கடையில் ஓடியதைத்தான் எடுத்து ஊர்வலத்துக்கு ஏற்ற மாதிரி ஓட விட்டிருக்கிறார். பாஷா பாய் அதைக் கொண்டுபோய் அதே ஆல்பத்தின் வாலில் ஒட்டியிருக்கிறார். ஒட்டியவருக்கும் தெரியாது, வாசித்தவருக்கும் மறந்துபோயிற்று, கேட்ட எங்களுக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு என்ன கதை சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். நல்லவேளை, அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டார். அவளும் அவரைப் பார்க்கவில்லை.

7

விழாக் கமிட்டியில் இன்னொரு ரேஷன் கார்டு படலம். பத்தாவது பாட்டு வெஸ்டர்னா ஈஸ்டர்னா? வெஸ்டர்ன் என்றால் யார் பாடியது? ஈஸ்டர்ன் என்றால் இந்தப் போட்டியில் ஏன் வருகிறது? பொறுப்பாக இருந்த லெக்சரர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். கடைசியில் ஏழாவது பாட்டு, இரண்டு முறை வாசிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரி என்றார்கள்.

போட்டிக்கு நான் மட்டும் போனேன். அவரைக் கூப்பிட்டேன். ஓவர்டைம் இருக்கிறது என்றார். இல்லை என்பது எனக்குத் தெரியும். "அவ கூப்பிடல" என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள். ஏழாவதை மெதுவாகத் தொடங்கினாள் வித்யா, ஹாலே அடங்கிப்போனது. பிறகு ஒரு மூச்சு விட்டு அதையே முனிரத்தினம் வேகத்தில் எடுத்தாள். பின்வரிசைப் பையன்கள் எழுந்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். டென்த் டிராக், டென்த் டிராக் என்று கத்தினார்கள். இந்தத் தடவை அது கேலி இல்லை. ரோஹன் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் கையைக் காட்டினான். நான் அழுதேன், வேறென்ன செய்வேன்?

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் மைக்கைப் பிடித்து, பல பாணிகளைக் கலக்கிவிட்டார்கள், அதனால் தெளிவு போய்விட்டது என்றார். அந்த ஆல்பத்தை அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்வேன்.

ஆட்டோவில் வரும்போது வித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசு போன வருத்தம் என்று நினைத்தேன். அது இல்லை போலிருக்கிறது. எதையோ விரலால் தொடை மேல் வாசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவர் டேப் ரெக்கார்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "எப்படி வாசிச்சாங்களாம்?" என்றார்.

நான் வித்யாவைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கும் தபால் சுமந்து கை வலித்துவிட்டது.

வித்யா பையை இறக்கி வைத்தாள். பிறகு, "அப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"மூணாவது லைன் முடியற எடத்துல முனிரத்தினம் அங்கிள் மேல போறாரு. செவன்த் சாங்ல அந்த எடம் கீழ எறங்கும். அவரு மறந்துபோய் அப்படி வாசிச்சாரா, இல்ல வேணும்னே வாசிச்சாரா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எனக்கு அவரைத் தெரியும். க்ளாரினெட்டில் ஒரு துவாரம் அடைத்திருந்தது, அன்றைக்கு மழை, தம்பிக்கும் அண்ணனுக்கும் மனஸ்தாபம், எல்லாமே நாக்கு நுனியில் வந்து நின்றிருக்கும்.

அவர் வாயை மூடினார். கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. பிறகு, "உனக்கு இன்னா தோணுது?" என்று கேட்டார்.

வித்யா அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியலப்பா. போடு, கேக்கலாம்."